ஓர வீட்டுத் தூக்கம்

நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. புடவையைப் பார்த்து வயிறு எரிந்தாலும் நாலு பேர் புரிந்துகொள்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது இன்னொருத்தியின் புருஷன் பகலில் விட்ட குறட்டையைக் கேட்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை. இப்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தங்கவயலில் தகரக் கூரைக்கடியில் ஒரு சித்திரை மாதம் குடியிருந்து பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

அந்தக் குறட்டை என் கொழுந்தனுடையது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். சாம்பியன் ரீப்ஸ் என்கிற அந்தச் சுரங்கத்துப் பக்கம் கம்பெனி கட்டிப்போட்டிருந்த லைன் வீடுகளில், ஒரே வரிசையில்தான் இரண்டு குடும்பமும் இருந்தோம். எங்கள் வீடு வரிசையின் நடுவில். அவர்கள் வீடு தெற்குக் கோடியில், ஓரத்தில். அண்ணன் இரவு ஷிப்ட் போனால் தம்பிக்குப் பகல் ஷிப்ட், முறை மாறினால் இவர் பகல், அவன் இரவு. இரவெல்லாம் பூமிக்கடியில் பாறையை உடைத்துவிட்டு, விடிந்தபின் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவனுக்குப் பகல்தான் ராத்திரி. கொழுந்தன் அந்த ராத்திரியை ஒரே மூச்சில் தூங்கிக் கழிப்பான். என் வீட்டுக்காரர் பாயை விரிப்பார், சுருட்டுவார், திண்டாடுவார், மறுபடி விரிப்பார்.

கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓர்ப்படி, சாயங்காலம் என்னைப் பார்க்க வருவாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. "இப்பதான் எழுந்தாருக்கா. எழுப்ப மனசே வர்ல" என்பாள். கொடுத்து வைத்தவள் என்று மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொள்வேன். சில நாள் வாய்விட்டே சொல்லியும் இருக்கிறேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வாள்.

இதில் எனக்கு ஆத்திரம் தீராததற்குக் காரணம் ஒன்று உண்டு. நடு வீட்டைத் தேடிப் பிடித்து எடுத்தது நானேதான்.

நாங்கள் குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். மழை பொய்த்த ஒரு வருஷம், மேஸ்திரி ஒருவர் பேச்சை நம்பி ரயிலேறி, தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்கினோம். இறங்கியது மார்கழி மாதம். எங்கள் ஊர் வெயிலில் காய்ந்த உடம்புக்கு அந்த மேட்டுச்சீமைக் குளிர் பழக்கமில்லை. பல் கிடுகிடு என்று அடித்துக்கொண்டது. மேஸ்திரி எங்களை லைனுக்கு அழைத்துக்கொண்டு போய், காலியாக இருந்த இரண்டு வீடுகளைக் காட்டினார். "மூத்தவங்க நீங்க மொதல்ல சொல்லுங்கம்மா, எது வோணும்?" என்றார்.

நான் ஓர வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒரு சன்னல் அதற்கு இருந்தது. தெற்குச் சுவரில், கதவு சரியாகச் சாத்தாத சன்னல். அதன் வழியாகக் காற்று ஊசி மாதிரி உள்ளே வந்தது. வெளியே ஒரு புங்க மரம், அதற்கப்பால் வெட்டவெளி. நரி வந்தால் முதலில் இந்த வீட்டைத்தான் மோந்து பார்க்கும் என்று தோன்றியது. அடுத்து நடு வீட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வீடு. பின்சுவருக்குப் பின்னாலும் முதுகோடு முதுகு ஒட்டி வேறொரு வீடு. உள்ளே நுழைந்ததும் கதகதவென்று இருந்தது. ஊரிலும் தெருக்கோடியில் இருக்கிறவர்களை விட நடுத்தெருவில் இருக்கிறவர்களுக்கு மதிப்பு அதிகம். இதுதான் வேண்டும் என்று கையைக் காட்டினேன்.

ஓர்ப்படி அப்போது முழுகாமல் இருந்தாள். "என்னிய மூலைக்குத் தள்ளிட்டீங்களேக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்? மார்கழியும் தையும் முழுக்க, குளிரில் நடுங்கிக்கொண்டு அவள் என் அடுப்படிக்கு வருவாள். நான் ராணி மாதிரி நகர்ந்து இடம் கொடுப்பேன்.

பங்குனி பிறந்தது. என் ராஜ்ஜியம் முடிந்தது.

தகரக் கூரை காலையிலேயே பிடித்துக்கொள்ளும். உச்சிப்பொழுதில் கூரையின் ஆணிகள் டப் டப் என்று தெறிக்கிற சத்தம் கேட்கும். சூடு மேலேயிருந்து இறங்கி முதலில் தலையிலும் பிறகு பிடரியிலும் உட்காரும். இடது பக்கச் சுவர் சுடும், அது பக்கத்து வீட்டுக்காரியின் அடுப்பு. பின்சுவர் சுடும், அது எனக்கு முகமே தெரியாத ஒருத்தியின் அடுப்பு. வாசல் பக்கம் போனால், எதிர் வரிசை வீட்டின் வாசல் கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்கும். நடுவில் உள்ள சந்தில் இரண்டு வரிசையின் அடுப்புப் புகையும் போக வழி தெரியாமல் நிற்கும். நாலு பக்கத்தில் மூன்று பக்கம் அடைத்தது, நாலாவது பக்கம் புகை. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர்கள் ராத்திரி முழுக்க எங்களுக்கே திருப்பிக் கொடுத்தன. கோழி கூவுகிற நேரத்துக்குக் கொஞ்சம் ஆறும். அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து மேலே வருவார். அவர் கைகால் கழுவிச் சாப்பிட்டுப் படுக்கும்போது சூரியனும் வேலைக்கு வந்துவிடும்.

ஓர வீட்டில் வேறு கதை. தெற்குச் சன்னலில் நுழைகிற காற்று வாசல் வழியாக வெளியே போகும். புங்க மரத்து நிழல் பாதிக் கூரையை மூடியிருக்கும். மார்கழியில் நான் வேண்டாம் என்று ஒதுக்கின அதே சன்னல், அதே காற்று. அவள் வீட்டுக்குப் போய்விட்டு என் வீட்டுக்குள் திரும்பி நுழைவது, குளத்திலிருந்து எழுந்து அடுப்புக்குள் போவது போல இருக்கும். அதனாலேயே நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

நான் அப்போது பங்களா ரோட்டில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். துரைமார் பங்களாக்கள் மேட்டின் மேல் இருந்தன. ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் நடுவில் எங்கள் லைன் ஒன்றை அப்படியே தூக்கி வைக்கலாம், இன்னும் இடம் மிஞ்சும். சுற்றிலும் தாழ்வாரம், வாசலில் வெட்டிவேர்த் தட்டி, அதற்குத் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள். காற்று முதலில் அவர்கள் மேட்டைத் தொடும். அங்கேயிருந்து இறங்கி, கல் அரைக்கிற மில்லின் தூசியையும் கொதிகலன் புகையையும் வாரிக்கொண்டு, கடைசியில் எங்கள் லைனுக்கு வந்து சேரும். யார் யாருக்கு எங்கே இடம் என்று கோடு போட்டவன் காற்று வருகிற திசையைக் கேட்டுக்கொண்டுதான் போட்டிருக்கிறான். எங்களுக்குப் போடும்போது அவனுக்கு ஞாபகம் இருந்தது கணக்கு மட்டும். இத்தனை தலை, இத்தனை வீடு.

நான் தண்ணீர் ஊற்றின கன்றுகள் என் முழங்கால் உயரம்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வெயில் படாமல் ஒரு சின்ன ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தகரத்துக்கடியில் வெந்துகொண்டிருக்கிற நேரத்தில், நான் ஒரு செடிக்குப் பந்தல் சரிந்துவிட்டது என்று நிமிர்த்தி வைப்பேன். அந்தக் கன்றுகளைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன். துரைசானிகள் மேல் வராத ஆத்திரம் அந்தச் செடிகள் மேல் வந்தது. துரைசானி எனக்கு எட்டாத உயரம். செடி என் முழங்கால் அளவுதானே!

வெறும் உஷ்ணத்துக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். என் வீட்டுக்காரர் பார்த்த வேலை சம்மட்டி அடிப்பது. பாறையில் வேட்டு வைக்கத் துளை போட வேண்டும். ஒருவர் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், எதிரே நிற்பவர் அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பார். மெழுகுவத்தி வெளிச்சம்தான். அடிக்கிறவனுக்குக் கண் சொக்கினால் பிடிக்கிறவனுக்குக் கை போகும்.

சித்திரையில் ஒரு சாயங்காலம், அவருக்குக் கம்பி பிடிக்கிற ஆள் எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, தன் மணிக்கட்டைக் காட்டினான். தோல் வழன்றிருந்தது.

"அண்ணி, நேத்து சம்மட்டி இங்க எறங்க வேண்டியது. நூல் எடத்துல தப்பிச்சேன். அண்ணன் தூங்கறதே இல்லியா?"

"தூங்கறாரே" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. கண்ணு ரெண்டும் கோவப்பழமா கீது. எனக்கு ரெண்டு கொழந்தைங்க கீறாங்க. இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா, வேற ஆள் கூடப் போறேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடுவேன். அப்பால யாரும் அண்ணனுக்குக் கம்பி புடிக்க வர மாட்டாங்க."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுப் போய்விட்டான். 

அதற்கு முன்னும் நான் சும்மா இருக்கவில்லை. கோணிப்பையை நனைத்துக் கூரையில் போட்டேன், சாதம் வடிக்கும் நேரத்துக்குள் காய்ந்து மொடமொடத்தது. பரங்கிக்கொடி ஏற்றினேன், தகரத்தில் பட்ட இலையெல்லாம் கருகியது. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. இரவு ஷிப்ட் ஆள் உள்ளே தூங்குகிறான் என்றால் வாசலில் முறத்தைக் கவிழ்த்து வைப்போம். அதைப் பார்த்ததும் கீரைக்காரி கூவுவதை நிறுத்திக்கொள்வாள், பிள்ளைகள் விளையாட்டை வேறு சந்துக்கு மாற்றிக்கொள்வார்கள். உச்சிவெயிலில் எங்கள் லைனில் நடந்தால், கவிழ்ந்த முறங்களும் மூச்சுக்காட்டாத பெண்களுமாக, ஊருக்கே பேச்சு நின்றுபோனது போல் இருக்கும். என் வாசலிலும் முறம் கவிழ்ந்துதான் இருந்தது. சத்தம் மட்டும்தான் அதைக் கண்டு பயந்தது. வெயிலுக்கு முறம் தெரியவில்லை.

கம்பி பிடிக்கிறவன் வந்துபோன மறுநாள், மானத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓர வீட்டுக்குப் போனேன். கொழுந்தன் அப்போது பகல் ஷிப்ட். அவன் பாய் சன்னலோரத்தில் சுருட்டிக் கிடந்தது. அந்தப் பாயைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. ஆள் இல்லாத பாய்க்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"உங்க மாமாவுக்குத் தூக்கம் இல்லடி" என்றேன். 

ஓர்ப்படி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் என்ன கேட்க வந்தேன் என்பதை முகத்திலேயே படித்துவிட்டாள்.

"இங்க வந்து படுக்கச் சொல்லுங்கக்கா. அதுக்கின்னா?"

"நீ?"

அதுதான் சிக்கல். எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி புருஷனின் அண்ணன் எதிரில் நிற்கக்கூட மாட்டாள். அவர் வருகிற சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்குவாள். அவர் படுத்திருக்கிற வீட்டில் அவள் இருந்தாள் என்றால், லைன் முழுக்கப் பேசித் தீர்த்துவிடும்.

"நான் கொழந்தைய தூக்கிக்கினு உங்க ஊட்டுக்கு வந்துடறேன்" என்றாள். ரொம்ப நேரம் யோசிக்கவும் இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணனோ தம்பியோ, எவர் இரவு ஷிப்ட்டோ அவர் பகலில் ஓர வீட்டில் தூங்குவார். என் வீட்டுக்காரர் தூங்குகிற முறை வரும்போதெல்லாம் ஓர்ப்படி என் அடுப்புக்குள் வந்து உட்காருவாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நியாயமாக நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கோ, குறை சொல்லாமல் இருக்கத் தெரிகிறதே இவளுக்கு என்று அதற்கும் பொறாமை வந்தது.

என் வீட்டுக்காரர் தூங்கினார். பங்குனியிலிருந்து விட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்துத் தூங்கினார். கண்ணின் சிவப்பு வடிந்தது, சாப்பாடு இறங்கியது, வேலைக்குப் போகும்போது பாட்டு வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் மனிதன் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா?

"அந்தச் சன்னலாண்ட தலைய வச்சா போதும், கண்ணு தானா மூடுது" என்பார். "அவுங்க ஊட்டுப் பானைத் தண்ணிகூட ஜில்லுனு கீது. தரைய இன்னாமா பெருக்கி வச்சிருக்குது அந்தப் பொண்ணு!"

"அப்ப அங்கியே குடி போயிடுங்க" என்றேன் ஒருநாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பானை என் வீட்டில் சூடானால் அது என் குற்றமா? தரையை நானும்தான் பெருக்குகிறேன். மில் தூசி சந்தில் சுற்றிச் சுற்றி என் வாசலுக்கே திரும்ப வந்தால் நான் என்ன செய்ய? காற்று செய்கிற வேலைக்கெல்லாம் பேர் வாங்கிக்கொண்டு போனவள் அவள். அன்றைக்கு ராத்திரி அவருக்குக் குழம்பில் உப்பைக் கூடப் போட்டேன். தெரிந்தே போட்டேன்.

சித்திரை கடைசியில் ஒரு காலை, கயிறும் முளைக்குச்சிகளுமாகச் சிலர் வந்தார்கள். ஆட்கள் பெருகிவிட்டார்கள், புது லைன் கட்டப் போகிறார்கள் என்று மேஸ்திரி சொன்னார். எங்கள் வரிசை வடக்கு தெற்காக நீண்டது. புது வரிசை அதன் தெற்குக் கோடிக்குக் குறுக்கே, கிழக்கு நோக்கிப் போவதாகக் கோடு. முதல் முளையை அடித்த இடம் ஓர வீட்டின் தெற்குச் சன்னலுக்கு நேர் எதிரே. அங்கே முதல் வீடு எழும்பினால் சன்னலைத் திறந்து சுவரைத்தான் பார்க்கலாம். புங்க மரத்தையும் வெட்ட வேண்டியிருக்கும்.

அந்த முளையைப் பார்த்ததும் என் வயிறு குளிர்ந்தது. இத்தனை நாள் எரிச்சலும் ஒரு குச்சியில் அடங்கியது. இனி அவளும் நடு வீட்டுக்காரிதான். அவள் பானையும் சூடாகும், அவள் தரையிலும் தூசி படியும். அன்றைக்கு அம்மியில் அரைக்கும்போது எனக்குத் தாலாட்டுகூட வந்தது.

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தவர், ஓர வீட்டுக்குப் படுக்கப் போகிற வழியில் அந்த முளைக்கருகே நின்றார். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து அதைத் தொட்டார். சன்னலைப் பார்த்தார். திரும்பி என்னிடம் நடந்து வந்தார்.

"இனிமே நான் எங்க படுக்கறது?" என்றார்.

சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டார். என் வயிற்றில் இருந்த குளிர்ச்சி அப்படியே உறைந்துபோனது. கம்பி பிடிக்கிறவனின் மணிக்கட்டு கண் முன்னால் வந்தது.

மேஸ்திரியிடம் ஓடினேன். வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"காயிதத்துல கோடு போட்டாச்சும்மா. நான் இன்னா பண்றது?"

"பங்களாவுக்கு மட்டும் எட்டி எட்டிக் கோடு போடத் தெரியுதே, அந்தக் காயிதத்துக்கு?"

"வாய் நீளுது உனக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று பகலிலேயே, மில்லுக்குப் பின்புறத் தட்டிக் குடிசைகளிலிருந்து ஒருத்தி தண்ணீர்ப் பானையோடு வந்தாள். ஆம்பூர்ப் பக்கத்துக்காரி. பங்களா ரோட்டில் என்னோடு கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். அவள் குடிசைக்கு மூங்கில் தட்டிதான் சுவர், கோணிதான் கூரை. இரவும் பகலும் நிற்காத மில்லின் இடியும் தூசியும் அவளுக்குத்தான் முதல் பங்கு. அவள் பேசும்போதே இருமுவாள். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"இந்தப் புது லைன்ல கடைசி வீடு எங்களுதுக்கா. மேஸ்திரி சொல்ட்டாரு. அந்தக் கிழக்குக் கோடி. மூணு பக்கமும் காத்து!"

கையை நீட்டி, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை, கயிற்றின் நிழல்தான் தரையில் கிடந்தது. எழும்பாத அந்த வீட்டைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. ஓர வீடு என்றால் என்னவென்று தெரிந்து சந்தோஷப்படுகிறாளே, எனக்கு மார்கழியில் இந்தப் புத்தி இல்லையே என்று.

மறுநாள் உச்சிவெயில். கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓர வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், ஓர்ப்படி குழந்தையோடு என் வீட்டில். லைன் முழுக்க முறம் கவிழ்ந்து, ஆள் அரவம் இல்லாமல் கிடந்தது.

"அக்கா, அந்த மொளைய நவுத்திட்டா இன்னா?" என்றாள் ஓர்ப்படி, குழந்தைக்கு விசிறிக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் வரப்பை நகர்த்துவது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியாதவர்களா நாங்கள்? அதைச் சொன்னேன்.

"இது யாரோட நெலம்? யாரோடதும் இல்ல. ஒரு வீட்டு அளவு கெழக்கால தள்ளிட்டா நம்ம சன்னல் தப்பிச்சிடும். அப்பால எவ்ளோ வெத்து எடம் கெடக்குது, அவுங்களும் தள்ளிப் போவட்டுமே."

இவ்வளவு தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அதற்கும் ஒரு கணம் எரிந்தது. பிறகு அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டேன்.

வெயில் கண்ணைக் கூச வைத்தது. மண் காலைச் சுட்டது. முளையை ஆட்டி ஆட்டி இருவருமாகப் பிடுங்கினோம். பழைய குழியைக் காலால் மூடி மண்ணைத் தேய்த்தோம். ஒரு வீட்டின் அகலத்தை அடி வைத்து அளந்து, கயிற்றின் நேர்க்கோட்டிலேயே கிழக்கே நகர்த்தி நட்டோம். அடிக்கும்போது சத்தம் வராமலிருக்க முளைத் தலையில் பழந்துணியைச் சுற்றினேன். கம்பெனிக்குப் பயந்து சுற்றவில்லை. உள்ளே தூங்குகிற மனிதன் விழித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சுற்றினேன். இடுப்பில் குழந்தையோடு அவள் முளையைப் பிடித்துக்கொண்டாள், நான் அடித்தேன். அவர் சம்மட்டி அடிக்கிற மாதிரி, இன்னொருத்தி கைக்கு மேலே. கயிற்றின் தளர்ச்சியை இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் ஒரு சொம்புத் தண்ணீரைப் பங்கு போட்டுக் குடித்தோம். அன்றைக்கு மட்டும் எனக்கு அவள் மேல் பொறாமை இல்லை.

கொத்தனார்கள் திரும்பி வந்தார்கள். முதல் முளை எங்கே நின்றதோ அங்கேயிருந்து மூங்கில் கோலால் வீடு வீடாக அளந்து அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டினார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சுவர்கள் எழும்பின. ஓர வீட்டுக்குத் தெற்கே ஒரு வீட்டளவு இடம் திறந்தே கிடந்தது. புங்க மரம் தப்பியது. புது வரிசை வந்து இடைவெளி குறுகினதால் காற்று இன்னும் வேகமாகத்தான் வந்தது. என் வீட்டுக்காரர் தூக்கம் கெடவில்லை. கம்பி பிடிக்கிறவன் ஒருநாள் வழியில் என்னைப் பார்த்து, மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். எனக்குக் கோயிலுக்குப் போய் வந்தது போல இருந்தது.

எங்கள் ஊரில் நிலத்துக்கு ஓரம் என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு ஏரி இருக்கும், ஒரு குன்று இருக்கும். அதுவரை வெற்று இடம் வெற்று இடம்தான். தங்கவயலில் வெற்று இடம் என்று ஒன்று கிடையாது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குக் காலியாகத் தெரிகிற ஒவ்வொரு துண்டிலும் காகிதத்தில் யாரோ எதையோ முன்னாலேயே வைத்திருப்பார்கள். புது வரிசையின் கிழக்குக் கோடிக்கு அப்பால், மில்லிலிருந்து மணல் தள்ளுகிற வண்டிகளுக்கு இருப்புப்பாதை போட இடம் விட்டிருந்தார்கள். கொத்தனாரின் கோல் அந்த இடத்தில் போய் இடித்தது. கடைசி வீட்டுக்கு இடம் பற்றவில்லை.

மேஸ்திரி கொத்தனாரைத் திட்டினார். கொத்தனார் கயிற்றைத் திட்டினார். மழைத் தூறலில் கயிறு சுருங்கியிருக்கும் என்று முடிவு செய்து, ஒரு வீட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். இது எங்கள் காதுக்கு வந்தபோது, கடைசியாக வீடு எழுதினவர்களுக்குத்தான் இல்லை என்று ஆனதும் சேர்ந்தே வந்தது. ஓர்ப்படி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம் ஆம்பூர்க்காரி வந்தாள். நான் கூட இருக்கிற தைரியத்தில் ஓர்ப்படியும் வர, இருவரும் ஓர வீட்டுக்கு வெளியே, புங்க மர நிழலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். உள்ளே என் வீட்டுக்காரர். வாசலில் முறம் கவிழ்ந்திருந்தது. வரும்போதே அவள் அதைப் பார்த்துவிட்டாள். பானையைச் சத்தம் இல்லாமல் மண்ணில் இறக்கினாள். இருமல் வந்தது, முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

"எங்க வீடு வர்லியாம்க்கா" என்றாள் ரகசியம் பேசுகிற குரலில். "எடம் பத்தலியாம்."

 அந்தத் திறந்த இடத்தின் நடுவில்தான் அவள் நின்றிருந்தாள். காற்று அவள் புடவையைப் பின்னால் தள்ளியது. நெற்றி வேர்வை உலர்கிறது தெரிந்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணைத் திறந்து, இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆள் இல்லாத பாயில் காற்று வீசியதை நான் அப்படித்தான் பார்த்தேன்.

"இன்னா காத்துக்கா இங்க" என்றாள். "குடுத்து வச்சவங்க நீங்க ரெண்டு பேரும்."

உள்ளே குறட்டைச் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தூங்குகிற மனிதன் எழுந்துவிடக் கூடாது என்று, கால் கொலுசை ஒரு கையால் பிடித்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, மெல்ல அடியெடுத்து வைத்து மில் பக்கமாக நடந்தாள்.